பாறுகளை மீட்கும் தேசியத் திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிணந்தின்னிக் கழுகு என்று ஊர்ப்புறங்களில் சொல்லப்படும் பாறுகளை மீட்பதற்காக இந்திய அரசு 2006-இல் ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. 2020-இல் இன்னொன்று வந்தது. பறவையைக் காக்க மருந்துக்கடைக்கு ஏன் போக வேண்டும், அவற்றைக் கொல்லும் மாட்டு மருந்துக்குத் தடை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் வேலை ஏன் முடியவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மீட்புத் திட்டம் என்றால் என்ன? வேட்டையைத் தடை செய்தால் போதாதா?

போதாது. வேட்டைத் தடை, சரணாலய அறிவிப்பு எல்லாம் பாதுகாப்பின் முதல் படி. மீட்பு என்பது அதற்கு அடுத்தது: ஓர் உயிரினம் ஏன் குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அந்தக் காரணத்தை அகற்ற வேண்டும், பிறகு அதன் எண்ணிக்கை தானாகவே ஏறும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதில் எந்த வேலை எந்தத் துறையுடையது, எந்த ஆண்டுக்குள் முடிய வேண்டும், பணம் எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் எழுதிவைப்பதுதான் திட்டம்.

இந்தியாவில் 1973-இல் தொடங்கிய புலிகள் திட்டமும் 1975-இல் தொடங்கிய முதலைத் திட்டமும் இந்த வழியில் முன்னோடிகள். 2008-09 முதல், வனவிலங்கு வாழிடங்களுக்கான மத்திய அரசின் நிதியுதவித் திட்டத்துக்குள் இன மீட்புக்கென்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பட்டியலில் 22 பெயர்கள் இடம்பெற்றுள்ளன. பனிச்சிறுத்தை, கானமயில், ஆற்று ஓங்கில் (டால்பின்), காண்டாமிருகம், கடலாமைகள், நமக்கு நெருக்கமான வரையாடு, ஆவுளியா எனும் கடற்பசு எல்லாம் அதில் உண்டு. பாறுகளும் உண்டு.

22 இனங்கள் இருக்க, பாறுகளை மட்டும் எடுத்துப் பேசுவது ஏன்?

மற்ற இனங்கள் பெரும்பாலும் காடு சுருங்கியதாலோ வேட்டையாலோ குறைந்தன. பாறுகளின் கதை வேறு. காடு அப்படியே இருந்தது, இரை ஏராளமாக இருந்தது, யாரும் அவற்றைச் சுடவில்லை. ஆனாலும் பதினைந்து ஆண்டுகளுக்குள் அவை கிட்டத்தட்ட இல்லாமல் போயின. வனத்துறையால் மட்டும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலில் தேசியத் திட்டம் எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

எவ்வளவு குறைந்தன?

1980களில் இந்தியாவில் சுமார் 4 கோடிப் பாறுகள் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99.9 பங்கு அழிந்தது. அதாவது ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறும், வடகிழக்கில் வாழும் மெல்லிய அலகுப் பாறும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன. செந்தலைப் பாறும் மஞ்சள்முகப் பாறும் இந்த அளவுக்கு இல்லையென்றாலும் பெரும் சரிவைச் சந்தித்தன. உலகில் வேறொரு பறவை இவ்வளவு எண்ணிக்கையில் இருந்து இவ்வளவு வேகமாகச் சரிந்த நிகழ்வுகள் மிகக் குறைவு.

இதை முதலில் கவனித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களில் அவர் நூற்றுக்கணக்கான கூடுகளைக் கணக்கெடுத்திருந்தார். 1990களின் நடுவில் மீண்டும் போனபோது கூடுகள் காலியாக இருந்தன. மரக்கிளைகளில் கழுத்து தொங்கிய பறவைகள் நாள்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தன, பிறகு கீழே விழுந்து செத்தன.

காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முதலில் எல்லோரும் கிருமி என்றுதான் நினைத்தார்கள். இத்தனை பரந்த நிலத்தில், இத்தனை வேகமாகப் பரவும் சாவு தொற்றுநோயாகத்தான் இருக்கும் என்று நம்புவது இயல்பு. பூச்சிக்கொல்லிகளையும் சந்தேகித்தார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. அமெரிக்கக் கால்நடை நோயியல் அறிஞர் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு அங்கே செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றின் இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம் இருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததால் வெளியேற முடியாத யூரிக் அமிலம் உறுப்புகளின் மேல் படிந்த படலம் அது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய எந்தப் பொருளை இந்தப் பறவைகள் உண்கின்றன என்று குழு கேட்டது. பாறு உண்பது செத்த மாடு. அப்படியானால் மாட்டுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்? கால்நடை மருந்து விற்பவர்களிடம் விசாரித்துப் பட்டியல் எடுத்ததில் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி தென்பட்டது. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள், அத்தனையிலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004 தொடக்கத்தில் இந்த முடிவு வெளியானது.

காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் மடி வீக்கத்துக்கும் மாட்டுக்குப் போடும் மலிவான ஊசி அது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்து, அதைத் திறந்தவெளியில் போட்டால் இறைச்சியிலும் ஈரலிலும் மருந்து தங்கியிருக்கும். ஒரு சடலத்தைச் சுற்றிப் பல பத்துப் பாறுகள் கூடி உண்ணும். எல்லா மாடுகளிலும் மருந்து இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இருந்தாலே அந்தச் சரிவு முழுவதையும் விளக்கிவிட முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ‘பெரும்பாலும் நிறுத்திவிட்டோம்’ என்ற பதில் ஏன் பயனற்றது என்பதற்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

அரசு உடனே நடவடிக்கை எடுத்ததா?

அரசு இயந்திரத்தின் வேகத்தை வைத்துப் பார்த்தால், ஆம். பிரதமர் தலைமையிலான தேசிய வனவிலங்கு வாரியம் 2005 மார்ச்சில் கால்நடை டைக்ளோஃபினாக்கை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2006 ஏப்ரலில் சுற்றுச்சூழல் அமைச்சகம் முதல் செயல்திட்டத்தை வெளியிட்டது. அடுத்த மாதமே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் உற்பத்தி உரிமங்களைத் திரும்பப் பெறச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில் நேபாளமும் பாகிஸ்தானும் தடை விதித்தன. 2008-இல் இந்தியத் தடை அரசிதழ் அறிவிக்கையாக உறுதியானது.

ஓர் ஆய்வு முடிவு வந்து இரண்டே ஆண்டுகளில் மூன்று நாடுகள் ஒரு மருந்தை விலக்கியது பெரிய காரியம். அதற்காக உழைத்தவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும்.

தடை வந்த பிறகும் மருந்து எப்படிக் கிடைத்தது?

தடை செய்யப்பட்டது மாட்டுக்கான டைக்ளோஃபினாக். மனிதருக்கான டைக்ளோஃபினாக் கடையில் தாராளமாக இருந்தது. அதை மாட்டுக்குப் போட்டார்கள்.

இங்கே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மனிதருக்கு ஒரு வேளைக்கு வேண்டிய ஊசி மருந்து 3 மில்லி. ஆனால் கடைகளில் 30 மில்லிக் குப்பிகளும் விற்கப்பட்டன. மேலே ஒட்டிய தாளில் மனிதப் பயன்பாட்டுக்கு என்று இருக்கும். மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு அத்தனை மருந்து தேவையே இல்லை. ஆனால் ஒரு மாட்டின் எடைக்கு அந்தக் குப்பி மிகவும் வசதி. மருந்துக்கடைகளுக்கு வாடிக்கையாளர்போலச் சென்று மாட்டுக்கு வலி மருந்து கேட்டு நடத்திய ஆய்வுகளில், தடைக்குப் பிறகும் பல இடங்களில் இந்தக் குப்பியைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

2015 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசியை ஒரு வேளைக்கான 3 மில்லிக் குப்பியில் மட்டுமே விற்கலாம் என்று அறிவித்தது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017-இல் நீதிமன்றம் அவர்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்து தடையை நிலைநிறுத்தியது. பாறுகளின் வரலாற்றில் சென்னைக்கு இப்படி ஒரு பங்கு இருப்பது தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

முதல் தடை 2006-இல், குப்பிக்கான கட்டுப்பாடு 2015-இல். ஒரு குப்பியின் அளவைக் குறைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.

மாட்டுக்கு வலி வந்தால் என்ன கொடுப்பது? மாட்டைவிடப் பறவை பெரிதா?

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. ஒரு குடும்பத்தின் வருமானமே ஒரு கறவை மாடாக இருக்கும்போது, வலியில் துடிக்கும் அதற்கு மருந்து கொடுக்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அப்படிச் சொல்லவும் தேவையில்லை. மெலாக்சிகாம் என்ற மருந்தை முதலில் தென்னாப்பிரிக்கப் பாறுகளிடமும் பிறகு நம் நாட்டுப் பாறுகளிடமும் சோதித்து, பாதுகாப்பானது என்று 2006-லேயே உறுதிசெய்தார்கள். காப்புரிமைச் சிக்கல் இல்லாததால் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பின்னர் டோல்ஃபெனாமிக் அமிலமும் பாறுகளுக்குத் தீங்கற்றது என்று தெரியவந்தது. இரண்டும் மாட்டுக்கும் நன்றாக வேலை செய்பவை.

மாட்டுக்கோ பறவைக்கோ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே இல்லை. கால்நடை மருத்துவரோ முதலுதவியாளரோ எந்தக் குப்பியை எடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டைக்ளோஃபினாக் ஒன்றுதான் நஞ்சா?

இல்லை. இந்த இடத்தில்தான் திட்டத்தின் பெரிய ஓட்டை தெரிகிறது.

டைக்ளோஃபினாக் போனதும் சந்தையில் அந்த இடத்தை வேறு வலிநிவாரணிகள் பிடித்தன. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்று 2010-க்கு முன்பின்னாகவே ஆய்வுகள் சொல்லிவிட்டன. அசிக்ளோஃபினாக் என்பது இன்னும் விசித்திரம்: மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. பெயர்ப்பலகை மாறியதே தவிர உள்ளே இருப்பது அதே நஞ்சு. இந்த இரண்டையும் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்திய அரசு தடை செய்தது 2023 ஜூலையில். வங்கதேசம் நமக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 2021-இல் கீட்டோபுரோஃபெனை நாடு முழுவதும் விலக்கிவிட்டது. நிமிசுலைடு என்ற இன்னொரு வலிநிவாரணிக்கான தடை 2024-இன் கடைசியில் வந்தது.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் முதலில் பறவைகள் சாக வேண்டியிருந்தது. அறிவியலாளர்கள் அவற்றின் சடலங்களைத் தேடி எடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. முடிவு வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் மனு எழுத வேண்டியிருந்தது. ஒரு புதிய கால்நடை வலிநிவாரணி சந்தைக்கு வரும் முன்பே, பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று காட்டும் பொறுப்பு அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். அது நடக்காதவரை ஒரு நஞ்சைத் துரத்தி முடிப்பதற்குள் இன்னொன்று கடைக்கு வந்துகொண்டே இருக்கும்.

2020-இல் வந்த இரண்டாவது திட்டம் என்ன சொல்கிறது?

2020 நவம்பரில் வெளியான இந்தத் திட்டம் 2025 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கானது. பாறுகளுக்கு நஞ்சு என்று நிறுவப்பட்ட எந்த மருந்தும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தானாகவே விலக்கப்படும் ஒரு முறையை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாக்க வேண்டும் என்று அது கூறியது. என்னைப் பொறுத்தவரை திட்டத்தின் உயிர்நாடி இந்த ஒரு வரிதான். ‘தானாகவே’ என்ற சொல்லுக்கு அவ்வளவு கனம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வந்த தடைகளும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிப் போராட்டம், தனித்தனி அறிவிக்கை என்றே வந்தன.

மற்றபடி, உத்தரப் பிரதேசம், திரிபுரா, மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் புதிய இனப்பெருக்க மையங்கள், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு பாதுகாப்பு வளையம் (நஞ்சு மருந்து இல்லாத சுற்றுவட்டாரம்), பிஞ்சோர், போபால், குவாஹாத்தி, ஐதராபாத் ஆகிய இடங்களில் மீட்பு மையங்கள், நாடு தழுவிய கணக்கெடுப்பு ஆகியவை திட்டத்தில் இருந்தன.

கூண்டில் வளர்த்துக் காட்டில் விடுவது பலன் தருமா?

தரும், ஆனால் மெதுவாக. பெரும்பாலான பாறுகள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். கோழிப்பண்ணை வேகத்தை எதிர்பார்க்கவே முடியாது.

ஹரியாணாவின் பிஞ்சோரில் உள்ள ஜடாயு மையம், மேற்கு வங்கத்தின் ராஜாபத்காவா, அசாமின் ராணி ஆகிய இடங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் மாநில வனத்துறைகளும் சேர்ந்து இதை நடத்துகின்றன. பிஞ்சோரிலிருந்து 2020 அக்டோபரில் எட்டு வெண்முதுகுப் பாறுகள் வெளியே விடப்பட்டன. 2024 ஜனவரியில் அங்கிருந்து கொண்டுபோன இருபது பறவைகளுக்கு மகாராஷ்டிரத்தின் தடோபா, பெஞ்ச் காடுகள் புதிய இடமாயின.

இந்த மையங்கள் ஒரு காப்பீடு. வெளியே எல்லாம் போய்விட்டாலும் உள்ளே விதைப்பறவை இருக்கும். ஆனால் வெளியே கிடக்கும் சடலத்தில் நஞ்சு இருக்கும்வரை, வளர்த்த பறவையை விடுவது அதைச் சாகக் கொடுப்பதற்குச் சமம். மருந்துக்கடைகள் சுத்தமான பகுதியில்தான் கூண்டைத் திறக்க வேண்டும் என்று இந்த மையங்களை நடத்துபவர்களே சொல்கிறார்கள்.

‘பாறு பாதுகாப்பு வளையம்’ என்பது வேலி போட்ட இடமா?

இல்லை. அங்கே வேலி இருக்காது, பலகைகூட இருக்காது. பாறுகள் கூடு கட்டும் இடத்தை நடுவாக வைத்து 100 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அதன் பரப்பு 30,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும். அந்த வட்டத்துக்குள் உள்ள மருந்துக்கடைகள், கால்நடை மருந்தகங்கள், மாடு வளர்க்கும் ஊர்கள் எல்லாவற்றையும் நஞ்சு மருந்து இல்லாதவையாக மாற்றுவதுதான் வேலை. உணவு தேடி ஒரே நாளில் அவ்வளவு தூரம் பறக்கக்கூடிய பறவைக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் ஒரு பொருட்டே இல்லை.

தமிழ்நாட்டில் இப்போது பாறுகள் எங்கே இருக்கின்றன?

முன்பு மாநிலம் முழுவதும் இருந்தன. திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் கோயில் மலைக்கு உச்சி வேளையில் வந்து அமுது உண்டு போன இரண்டு பறவைகளும் மஞ்சள்முகப் பாறுகளே. அவை வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன.

இன்று பெரும்பாலும் நீலகிரி, ஈரோடு மாவட்டங்களில் முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் பார்க்க முடியும். ஆற்றோரமாக உயர்ந்து நிற்கும் நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. மரத்தடி எச்சத்தால் வெளுத்துக் கிடந்தால் மேலே குடியிருப்பு இருக்கிறது என்று பொருள். கருங்கழுத்துப் பாறு பாறைச் செங்குத்துகளை நாடும். செந்தலைப் பாறு தனித்து வாழும். எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரஹொளே, கேரளத்தின் வயநாடு. பறவைகளுக்கு மூன்றும் ஒரே நாடுதான்.

அதனால் மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நாட்களில் சேர்ந்து கணக்கெடுக்கத் தொடங்கின. 2023-இன் தொடக்கத்தில் 246 பறவைகளும் அந்த ஆண்டு டிசம்பரில் 320 பறவைகளும் கணக்கில் வந்தன. இதை உடனே வளர்ச்சி என்று கொண்டாட நான் தயங்குவேன். இரண்டாவது முறை அதிக இடங்களில் ஆட்கள் நின்று எண்ணினாலும் எண்ணிக்கை கூடும். கூடுகளில் எத்தனை குஞ்சுகள் பறந்தன என்ற கணக்கு பல ஆண்டுகள் தொடர்ந்து ஏறினால்தான் மீட்சி என்று சொல்லலாம்.

பாறுகளுக்கென மாநில அளவிலான குழுவைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அமைத்தது. நஞ்சு மருந்து விற்ற நிறுவனங்கள் மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழக்குத் தொடுத்ததும் உண்டு. அருளகம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராக, கடை கடையாகச் சென்று பேசியதற்கு இதில் பெரிய பங்கிருக்கிறது.

மருந்தைத் தவிர வேறு ஆபத்துகள் இல்லையா?

உண்டு. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் அந்தச் சடலத்தில் பூச்சிமருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். புலி வருகிறதோ இல்லையோ பாறு வந்துவிடும். ஒரே சடலத்தில் ஒரு கூட்டமே மடியும். இதைத் தடுக்க வழக்குப் போடுவதைவிட இழப்பீட்டை அலைக்கழிக்காமல் உடனே கொடுப்பது பலன் தரும் என்று நினைக்கிறேன். மாட்டை இழந்தவர் மாதக்கணக்கில் அலுவலகத்துக்கு நடந்தால் அவருடைய கோபத்தில் குறை காண முடியாது.

இரை கிடைப்பதும் குறைந்துவருகிறது. செத்த கால்நடைகளை இப்போது பெரும்பாலும் புதைத்துவிடுகிறோம். காட்டுக்குள் இயற்கையாக இறக்கும் யானையையோ காட்டெருதையோ நோய்த்தொற்று இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவது பாறுகளுக்குக் கிடைக்கும் நஞ்சில்லாத உணவு. மின்கம்பிகளில் அடிபடுவதும் உண்டு.

பாறு இல்லாவிட்டால் நமக்கு என்ன நஷ்டம்?

ஒரு கூட்டம் பாறுகள் ஒரு மாட்டுச் சடலத்தை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அவை போன பிறகு அந்த இறைச்சி அழுகியது, நீர்நிலைகளில் கலந்தது, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி பெருகியது. அயல் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000 முதல் 2005 வரை பாறுகள் இல்லாமல் போனதால் இந்தியாவில் கூடுதலாகச் சுமார் 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். பாறுகள் முன்பு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் அவ்வளவாக வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு அவர்கள் இதைக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 6,900 கோடி டாலர் இழப்பு என்றும் மதிப்பிட்டார்கள். மும்பையில் பார்சி மக்கள் தங்கள் இறந்தோரைப் பாறுகளுக்கு உணவாக வைக்கும் அமைதிக் கோபுரங்களில், தலைமுறை தலைமுறையாக வந்த இறுதிச் சடங்கே இடர்ப்பாட்டுக்குள்ளானது.

மீட்புத் திட்டம் எழுதுவது அரசுக்குச் சட்டப்படி கட்டாயமா?

நம் நாட்டில் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாறுகளை முதல் அட்டவணையில் வைத்து உயர்ந்தபட்சப் பாதுகாப்பைத் தருகிறது. கொன்றால் சிறை. ஆனால் இனம்வாரியாக மீட்புத் திட்டம் எழுதியே ஆக வேண்டும், குறித்த நாளில் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று அது சொல்வதில்லை. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலில் வரும் இனங்களுக்கு மீட்புத் திட்டம் வகுக்கும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. அங்கே கலிஃபோர்னியக் காண்டார் என்ற பாறு 1982-இல் 22 பறவைகளாகச் சுருங்கியது. மிஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்து, இன்று 500-க்கு மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் ஈயக் குண்டுதான் அதன் நஞ்சு. கலிஃபோர்னியா மாநிலம் வேட்டையில் ஈயக் குண்டை முழுமையாகத் தடை செய்தது 2019-இல். சட்டம் வலுவாக இருந்தும் அங்கேயும் கடைசி நஞ்சை அகற்றத்தான் அதிக காலம் பிடித்தது.

நம்மிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாறு வனத்துறையின் பொறுப்பு. அதைக் கொல்லும் குப்பி சுகாதார அமைச்சகத்தின் கீழ் வரும் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் பொறுப்பு. ஊசி போடுபவர் கால்நடைத் துறை. ஒரு வனச்சரகர் மருந்துக்கடைக்குள் நுழைந்து குப்பியைப் பறிமுதல் செய்ய முடியாது. மருந்து ஆய்வாளருக்கு ஆயிரம் கடைகள், அவருடைய ஆண்டறிக்கையில் பாறு என்ற சொல்லுக்கு இடமில்லை.

மற்ற இனங்களுக்கான திட்டங்களிலும் இதே நிலைதானா?

சாயல் ஒன்றுதான். கானமயிலுக்கு எமன் மின்கம்பி, அதனால் அந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம்வரை போய், 2021-இல் உத்தரவு வந்தது. ஆவுளியாவுக்கு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் வெற்றி மீனவர் வலையில் சிக்கியதை உயிருடன் திருப்பி விடுவதைப் பொறுத்தது. வரையாட்டுக்குத் தமிழ்நாடு அதே ஆண்டில் 25.14 கோடி ரூபாயில் தனித் திட்டம் தொடங்கியது. வாழிடம் பெரும்பாலும் வனத்துறையின் கையில் இருப்பதால் அதில் வேலை ஒப்பீட்டளவில் எளிது.

மாடு வளர்ப்பவரும் மருந்துக்கடைக்காரரும் என்ன செய்யலாம்?

மாட்டுக்கு வலி ஊசி போடும்போது குப்பியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், நிமிசுலைடு என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லி மெலாக்சிகாம் கேளுங்கள். ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துவிட்டால் திறந்தவெளியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கடைக்காரர் மனிதருக்கான ஊசியை மாட்டுக்காகக் கொடுக்கக் கூடாது. அடிபட்டோ சோர்ந்தோ கிடக்கும் பாறு ஒன்றைப் பார்த்தால் நீங்களே உணவூட்ட முயலாமல் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது திட்டத்தின் காலம் 2025 வரைதானே, அடுத்தது எப்படி இருக்க வேண்டும்?

அடுத்த திட்டத்தில் மூன்று துறைகளின் கையொப்பமும் இருக்க வேண்டும்: சுற்றுச்சூழல், சுகாதாரம், கால்நடை. பாதுகாப்பு வளையத்துக்குள் உள்ள மருந்துக்கடைகளை ஆண்டுதோறும் சோதித்து, எந்தெந்த மருந்து கிடைத்தது என்று மாவட்ட வாரியாக மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சடலங்களில் மருந்து இருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்க்கும் பணியை, அது நடந்த 2004 முதல் 2008 வரையிலான காலத்தைப்போலத் தொடர்ந்து செய்ய வேண்டும். அன்று அப்படிச் சோதித்ததால்தான், தடைக்குப் பிறகு நஞ்சுள்ள சடலங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன என்பதும், அந்தக் குறைவு போதவில்லை என்பதும் நமக்குத் தெரிந்தது. புதிய வலிநிவாரணி எதுவாயினும் பாறுகளிடம் சோதித்த சான்று இல்லாமல் கால்நடைக்கு உரிமம் தரக் கூடாது. கடைசியாக, கால்நடை மருந்தகங்களுக்கு அரசு வாங்கும் மருந்துப் பட்டியலில் மெலாக்சிகாம் எப்போதும் தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும். அரசு மருந்தகத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பினால், மாட்டுக்காரர் நேராகப் போய் நிற்பது தனியார் கடையில்தான்.